ஏற்காடு போனா ஜனதா வாட்ச் கண்ணாடிக்குள்ள ஆவி படியுது

செவ்வாய்ப்பேட்டை:
அப்பாவோட எச்.எம்.டி. ஜனதா, சாவி கொடுக்கிற வாட்ச். ஒரு மாசம் நான் சேலத்துல கட்டுவேன், அடுத்த மாசம் தம்பி ஏற்காட்டுல. மேலே போனதும் கண்ணாடிக்கு உள்பக்கம் ஆவி படியுது. இப்ப நாளுக்கு 6 நிமிஷம் வேகமா வேற ஓடுது. மாத்தி மாத்திக் கட்டுறதே தப்பா? தம்பி மணிக்கட்டு பெருசு, ஸ்ட்ராப்ல ஓட்டையும் பத்தல.

17கல்:
கட்டுறதுல தப்பே இல்லை. இது ரெண்டு தனித்தனி வியாதி.

ஆவிக்குக் காரணம் ஈரம். சேலம் வெயில்ல வேர்வையோட உள்ளே போன ஈரக்காத்து, மலைக்குளிர் பட்டதும் கண்ணாடியில படியுது. வழி பெரும்பாலும் சாவித் தண்டு (சாவி கொடுக்கிற திருகுல இருந்து உள்ளே போற கம்பி) ஓட்டை, இல்லைன்னா பின்மூடி வாஷர். ஆவி தானா மறைஞ்சாலும் ஈரம் உள்ளேதான் இருக்கும்; தண்டும் அதை ஒட்டின எஃகு பாகங்களும் முதல்ல துருப்பிடிக்கும். அன்னைக்கே கடையில பின்மூடியைத் திறந்து உலர வைங்க, வாஷரை மாத்துங்க. அரிசி டப்பா வேண்டாம், மாவுத்தூசிதான் மிச்சம்.

வேகத்துக்கு முதல் சந்தேகம் காந்தம். வாட்சோட துடிப்பை நடத்துற மெல்லிசான சுருள் கம்பிதான் ஹேர்ஸ்பிரிங்; காந்தம் ஏறி அந்தச் சுருள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டினா அதோட நீளம் குறைஞ்ச மாதிரி ஆகி வேகமா அடிக்கும். போன் ஸ்பீக்கர், காந்த மூடி வச்ச போன் கவர், பையோட காந்தக் கொக்கி பக்கத்துல வைக்கறீங்களா?

காப்பித்தோட்டம்:
ஸ்ட்ராப்புக்கு நைலான் நேட்டோ ஸ்ட்ராப் போடுங்க, அது வாட்சுக்கு அடியில ஒரே பட்டையா போகும். ஓட்டை நிறைய, ரெண்டு கைக்கும் ஆகும். ஸ்ட்ராப்பைப் பிடிக்கிற சின்னக் கம்பி, அதான் ஸ்பிரிங் பார், ஒண்ணு தெறிச்சாலும் வாட்ச் கீழே விழாது. அகலம் அளந்துடுங்க, ஜனதாவுக்குப் பெரும்பாலும் 18 மி.மீ. தோல் ஸ்ட்ராப் சேலம் வேர்வைக்கு நாறிடும்.

சாவியைக் கையில கட்டியபடி கொடுக்காதீங்க, தண்டு பக்கவாட்டுல வளையும். கழட்டி, காலையில ஒரு தடவை, தடுக்கிற வரைக்கும். அதுக்கு மேல திருகக்கூடாது, அவ்வளவுதான்.

டயல் மங்கலா இருக்குன்னு கடைக்காரர் பெயிண்ட் அடிக்கச் சொன்னா ஒத்துக்காதீங்க. பழசு போனா போனதுதான். எச்.எம்.டி. வாட்ச் கம்பெனியை மூட 2016லேயே அரசு முடிவெடுத்தாச்சு, இப்ப உதிரி பாகமே பல தடவை இன்னொரு பழைய வாட்ச்ல இருந்து எடுக்க வேண்டி வரும்.

செவ்வாய்ப்பேட்டை:
காம்பஸ் மேல வச்சு வாட்சைச் சுத்தினேன், ஊசியும் கூடவே சுத்துது.

17கல்:
அப்போ காந்தம்தான். காந்தம் எடுக்கிற மெஷின் கடையில இருக்கும். பட்டனை அழுத்தினபடியே வாட்சை மெதுவா ஒரு கை தூரத்துக்கு இழுத்துட்டு, அப்புறம்தான் விடணும். பக்கத்துல இருக்கும்போதே விட்டா திரும்பக் காந்தம் ஏறிடும். அப்பவும் வேகம் குறையலைன்னா ஹேர்ஸ்பிரிங்ல எண்ணெய் பட்டிருக்கான்னு பார்க்கச் சொல்லுங்க, அதுவும் இதே மாதிரிதான் ஓட வைக்கும்.