சொந்தப் பல்லையே அரைத்துத் தாடை எலும்புக்கு வைத்தவர்கள் உண்டா?

மஞ்சக்குப்பத்தான்:
கீழ்க் கடவாய்ப் பல் பிளந்துவிட்டது. பிடுங்கியதும் குழியில் அந்தப் பல்லையே அரைத்துப் போட்டால் எலும்பு வளர்ந்து, பின்னால் இம்பிளான்ட் (எலும்பில் திருகும் செயற்கைப் பல் வேர்) நிற்கும் என்றார் பாண்டி டாக்டர். முறை இங்கே எல்லோருக்கும் தெரியும், விடுங்கள். எனக்குள் இன்னும் ஓடுவது அந்தச் சத்தம்தான். நான் பஞ்சைக் கடித்தபடி சாய்ந்திருக்கிறேன். எதிரிலேயே என் பல்லில் இருந்த சொத்தை, பழைய அடைப்பு, ஒட்டிய சதை எல்லாவற்றையும் சுரண்டி, துடைத்து உலர்த்தி, சின்ன டப்பாவில் போட்டு மூடினார். கடகடவென்று சில விநாடிகள்தான். இத்தனை வருஷம் நண்டு ஓடு உடைத்த பல் ரவையாகிவிட்டது. அப்புறம் மருந்துத் தண்ணீரில் ஊறவைத்து, அலசி, என் ரத்தத்தில் குழைத்து வைத்துத் தைத்தார். பஸ் முள்ளோடை தாண்டியும் நாக்கு அங்கேயே போய் நின்றது. வேறு யாருக்காவது இப்படி?

லாஸ்பேட்டை அக்கா:
எங்கள் அம்மாவுக்கு மேல் தாடையில் எலும்புத் தூள் வைக்க வேண்டியிருந்தது. கையெழுத்துப் போடும் நேரத்தில், "இந்தத் தூள் எதோட எலும்பு டாக்டர்?" என்று கேட்டார். மாடு என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். டாக்டர் நல்லவர், கோபப்படவில்லை. எப்படியும் எடுக்க வேண்டிய ஞானப்பல் ஒன்று இருந்தது, அதை அரைக்கலாம் என்றார். அம்மா கேட்ட ஒரே கேள்வி: "என் பல்லுதானே, வேற யாரோடதும் கலந்துடாதே?"

நெய்வேலி ராஜா:
மஞ்சக்குப்பம் அண்ணே, "எல்லோருக்கும் தெரியும்" என்று எழுதாதீர்கள், பாதிப் பேருக்குத் தெரியாது. என் பல் ரூட் கேனால் செய்தது. உள்ளே அடைத்த ரப்பர் மாதிரிப் பொருள் தூளில் கலக்கும் என்று டாக்டர் அரைக்கவே மறுத்து, மருத்துவக் கழிவு போடும் மஞ்சள் பையில் போட்டுவிட்டார். என் கதை அவ்வளவுதான். ஆனால் படிப்பவர்களுக்குச் சில விஷயம். பல்லின் டென்டினில், அதாவது எனாமலுக்கு உள்ளே இருக்கும் பகுதியில், சுமார் 70 சதவீதம் தாது, 20 சதவீதம் கொலாஜன் என்ற புரதம் முதலியவை, மிச்சம் தண்ணீர். கிட்டத்தட்ட எலும்பின் சேர்மானம். தாது உப்பு நீக்கிய டென்டின் எலும்பை வளரத் தூண்டுகிறது என்று பாங், யூரிஸ்ட் என்ற ஆராய்ச்சியாளர்கள் 1967இலேயே விலங்குகளில் காட்டினார்கள். ஏதோ புது வித்தை இல்லை. பல் போன இடத்தை அப்படியே விட்டால் ஒரு வருஷத்தில் எலும்பின் அகலம் பாதி வரை குறையலாம், அதனால்தான் குழியை நிரப்புகிறார்கள். நிரப்பிவிட்டு உடனே இம்பிளான்ட் கேட்டு நச்சரிக்காதீர்கள், சில மாதம் பொறுக்க வேண்டும். சர்க்கரை இருந்தால் எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை) பாருங்கள். பீடி, சிகரெட் இருந்தால் முதலில் அதை விடுங்கள். அக்கா, மாட்டு எலும்புத் தூளை ரொம்பக் காலமாக உலகம் முழுக்க வைக்கிறார்கள், கெட்ட பொருள் இல்லை.

லாஸ்பேட்டை அக்கா:
கெட்ட பொருள் என்று நான் எங்கே சொன்னேன் தம்பி? அம்மாவுக்கு வேண்டாம், அவ்வளவுதான்.

மஞ்சக்குப்பத்தான்:
நான் சத்தத்தைப் பற்றிக் கேட்டேன். சர்க்கரை வரைக்கும் போய்விட்டீர்கள்.

திருப்பாதிரிப்புலியூர் வாசி:
சத்தம் எனக்குப் பிரச்சினையாக இல்லை. தையல் பிரிக்கும் முன்னாலேயே ஒருநாள் ராத்திரி வாயில் நெருடியது. வாஷ்பேசினில் துப்பினால் வெள்ளைத் துணுக்குகள். போன் பண்ணினேன். "கொஞ்சம் வரும் சார், வேகமாகக் கொப்பளிக்காதீங்க" என்றார்கள். எவ்வளவு போச்சு, எவ்வளவு தங்கியது என்று யாரும் சொல்லவில்லை, ஸ்கேனில்தான் தெரியுமாம். பில்லில் மட்டும் "எலும்புத் தூள்" என்று பெரிய தொகை. தூள் என்னுடையதுதானே என்றேன். அரைக்கும் டப்பா ஒரு ஆளுக்கு ஒன்றுதான் சார், அதற்கு என்றார்கள். அப்படியென்றால் டப்பா என்றே போடலாமே?