புதுப்பிப்பு: புல் இருந்தும் இளைத்த செம்மறிகள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம், செம்பனைக்கு (எண்ணெய்ப் பனை) அடியில் மேயும் என் செம்மறிகள் புல் இருந்தும் இளைக்கின்றன என்று முன்பு எழுதியிருந்தேன். காரணம் இரத்தம் உறிஞ்சும் வயிற்றுப் புழுதான். கால்நடை மருத்துவர் கீழ் இமையை இழுத்துக் காட்டினார். சிவப்பே இல்லை, காகிதமாய் வெளிறியிருந்தது. மருந்து கொடுத்தாயிற்று.

இப்போது பனி காய்ந்த பிறகுதான் கொட்டகையைத் திறக்கிறேன், ஈரப் புல்லில்தான் புழுக்குஞ்சுகள் மேலே ஏறும். ஒரே இடத்தில் மூன்று நான்கு நாளுக்கு மேல் விடுவதில்லை.

அப்புறம் தீவனம். அந்தப் பதிவைப் படித்துவிட்டு உங்களில் சிலர் செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கையே போடச் சொன்னீர்கள். மலிவுதான், மாட்டுக்குச் சரி. செம்மறிக்கு அதிலுள்ள செம்பு ஈரலில் சேர்ந்துகொண்டே போய், திடீரென்று காமாலையும் கறுத்த மூத்திரமுமாக ஆடு விழுந்துவிடும். அதனால் கொஞ்சமாக, சோளத்தோடும் நறுக்கிய நேப்பியர் புல்லோடும் கலந்து வைக்கிறேன். சினை முற்றியவற்றுக்குச் சோளம் மட்டும் சற்றுக் கூடுதல்.