வெண்கல நிலை ஓட்டுநர் ஏன் கட்டாயம்?

செந்தூல்வாசி: வணக்கம். பிரான்சின் லே மான் 24 மணி நேரக் கார் பந்தயம் மலேசியாவில் நமக்குச் சனிக்கிழமை இரவு 10 மணிக்குத் தொடங்குவதால், மாமாக் கடையில் தே தாரிக்கோடு அமர்ந்து பார்ப்பது என் வழக்கம். அதில் விளையாட்டுக் கார்கள் ஓடும் எல்எம்ஜிடி3 பிரிவில் ஒவ்வொரு காருக்கும் ஒரு வெண்கல நிலை ஓட்டுநர், அதாவது மிகக் கீழ்நிலைத் தரம் பெற்றவர், இருந்தே ஆக வேண்டும் என்கிறார்கள். மெதுவாக ஓட்டுபவரை வலிந்து சேர்த்தால் தவறுகள்தானே பெருகும்?

பிரிக்பீல்ட்ஸ் ரசிகன்: உலகக் கார் பந்தயங்களை நெறிப்படுத்தும் அமைப்பான எஃப்ஐஏ, ஓட்டுநர்களை பிளாட்டினம், தங்கம், வெள்ளி, வெண்கலம் என வகைப்படுத்துகிறது. வயதும் பழைய சாதனைகளும் கணக்கில் வருவதால், முப்பதைத் தாண்டியபின் முதல் உரிமம் வாங்கும் தொழிலதிபர் பெரும்பாலும் வெண்கலத்தில்தான் அமர்வார். இத்தகையவர்களின் பணமே பல அணிகளை இயக்குகிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவர்களை மட்டமாக எண்ணாதீர்கள்: கார் விற்பனைத் தொழில் செய்யும் பென் கீட்டிங், 2023இல் கோர்வெட் அணியுடன், தொடக்கத்தில் இரண்டு சுற்றுகள் பின்தங்கியும், எல்எம்ஜிடி3க்கு முன்பிருந்த 'ஜிடிஇ ஆம்' பிரிவை வென்றார்.

பினாங்கு நண்பர்: தவறு செய்பவர் வெண்கலம் மட்டுமா? அதே ஆண்டு, இரண்டு மணி நேரத்திற்கும் குறைவாக எஞ்சியிருந்தபோது, டொயோட்டாவின் ஹிராகாவா ஆர்னாஜ் வளைவில் பின்சக்கரங்கள் பூட்டிக்கொள்ள, காரைத் தடுப்பில் மோதினார். வென்ற ஃபெராரி 81 வினாடிகள் முன்னே வந்தது. அவர் தொழில்முறை ஓட்டுநர்.

செந்தூல்வாசி: நன்றி. அந்த மோதலை நேரலையில் பார்த்தபோது என் தேநீர் ஆறிப்போனது நினைவிருக்கிறது.