தம்பி போட்டது பழைய அளவுதான்

முதுகு ஆபரேஷனுக்குப் பிறகு தம்பிக்கு வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். ஓபியாய்டு வகை, அதாவது அபின் போல மூளையில் வேலை செய்யும் மருந்து. வலி போன பிறகும் அவன் அதை விடவில்லை. ஆரம்பத்தில் ஒன்று போட்டாலே கண் சொக்கிவிடும். சில மாதங்களில் நான்கைப் போட்டுவிட்டு என் எதிரில் உட்கார்ந்து சாதாரணமாகப் பேசுவான். "இப்பல்லாம் ஒண்ணும் ஏற மாட்டேங்குதுக்கா" என்பான். உடம்பு தாங்குகிறது, அப்போ பெரிய ஆபத்தில்லை என்று நம்பிவிட்டேன்.

மறுவாழ்வு மையத்தில் 40 நாள் இருந்தான். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் மதியம் அவன் அறையிலிருந்து குறட்டை கேட்டது. நன்றாகத் தூங்கட்டும் என்று விட்டேன். அப்புறம்தான் அந்தச் சத்தம் உறுத்தியது, தொண்டையில் தண்ணீர் தேங்கினாற்போல ஒரு கரகரப்பு. போய்ப் பார்த்தால் உதடு நீலம் பாரித்திருந்தது. இமையைத் தூக்கினேன், கண்மணி குண்டூசி முனை அளவுக்குச் சுருங்கிக் கிடந்தது. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே பத்து வரை எண்ணினேன்.

ஆம்புலன்ஸில் வந்தவர்கள் ஓபியாய்டின் விளைவை முறிக்கும் நாலக்சோன் என்ற மருந்தைக் கொடுத்தார்கள். சில நிமிடங்களில் கண் திறந்தான். ஆனாலும் வீட்டுக்கு அனுப்பவில்லை. நாலக்சோனின் வேலை முடிந்த பிறகும் மாத்திரை உடம்பில் இருக்கலாம், மறுபடி மூச்சு அடங்கலாம் என்று இரவு முழுக்க வைத்திருந்தார்கள்.

அங்கிருந்த மருத்துவர்தான் எனக்குப் புரியவைத்தார். மருந்து ஓயாமல் வந்தால் மூளையில் அதை ஏற்கும் ஏற்பிகள் மந்தமாகிவிடும், அதனால்தான் அளவு ஏறுகிறது. அதிலும் கிறக்கம் சீக்கிரம் பழகிவிடும், மூச்சை அடக்கும் விளைவு அவ்வளவு வேகமாகப் பழகாது. கிறக்கத்தைத் துரத்தி அளவைக் கூட்டுகிறவர் ஆபத்தை நெருங்குவது இப்படித்தான். நிறுத்தினால் உடம்பின் தாங்கும் சக்தி சில நாட்களிலேயே இறங்கத் தொடங்கிவிடும். தம்பி போட்டது பழைய அளவு, அதைத் தாங்கிய உடம்புதான் இப்போது இல்லை. சிகிச்சை, சிறை, ஆஸ்பத்திரி என்று எந்த இடைவெளிக்குப் பிறகும் இது நடக்கலாம்.

இடமும் ஒரு காரணம் என்று பிறகு படித்தேன். 1982இல் உளவியலாளர் ஷெப்பர்ட் சீகல் குழுவினர், அதே ஓபியாய்டு வகையைச் சேர்ந்த ஹெராயினுக்குப் பழகிய எலிகளைச் சோதித்தார்கள். வழக்கமான இடத்தில் ஊசி போடப்பட்டவற்றைவிட, புதிய இடத்தில் போடப்பட்டவை அதிகம் செத்தன.

மையத்திலிருந்து கிளம்பும்போது இதை யாராவது எங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் மறுபடி போட அனுமதி கொடுத்ததுபோல ஆகிவிடும் என்று தயங்கியிருக்கலாம். எனக்கு அதில் உடன்பாடில்லை. இப்போது வீட்டில் நாலக்சோன் மூக்கு ஸ்பிரே இருக்கிறது. அது எந்த அலமாரியில் இருக்கிறது என்று தம்பிக்கும் தெரியும்.