வானில் தெரியவரும் சேதம்: காக்பிட்டுக்குத் தெரிவதும் தெரியாததும்

ஓய்வுபெற்ற விமானி, சென்னை:

ஏர்பஸ் 320 விமானத்தில் நான் துணை விமானியாகச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு அது. டெல்லியிலிருந்து சென்னைக்கு இரவு நேரத்தில் வந்துகொண்டிருந்தோம். நாக்பூரைக் கடந்த சிறிது நேரத்தில், 35,000 அடி உயரத்தில், கேப்டனுக்கு முன்னிருந்த கண்ணாடி ஊசிப்பட்டாசு வெடித்ததுபோல் ஒலி எழுப்பியது. அடுத்த நொடியில் சிலந்தி வலையைப் போன்ற விரிசல் அதன் முழுப் பரப்பிலும் படர்ந்துவிட்டது. எனக்கு உள்ளங்கை வியர்த்தது. அவரோ "யூ ஹேவ் கண்ட்ரோல்" என்று விமானத்தை என்னிடம் ஒப்படைத்துவிட்டு, பயணிகள் இருக்கைப் பட்டை அணிவதற்கான விளக்கைப் போட்டார். பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, அதன் முனையைக் கண்ணாடியின் உட்புறத்தில் மெதுவாக இழுத்துப் பார்த்தார்.

அவர் தம் போக்கில் செய்த காரியமன்று அது, கோளாறு நேரும்போது விமானிகள் வரிவரியாக வாசித்துச் செய்ய வேண்டியவற்றின் பட்டியலான செக்லிஸ்டில் உள்ளது. அந்தக் கண்ணாடி பல அடுக்குகளாலானது. வெளி அடுக்கு விமானத்தின் உள்ளழுத்தத்தைத் தாங்குவதில்லை. தாங்குபவை உள்ளே இருக்கும் அடுக்குகள். பேனா முனை எங்கும் தடுக்காமல் வழுக்கிச் சென்றால், விரிசல் உட்புறம் வரை வரவில்லை என்று கொண்டு, அதே உயரத்தில் பயணத்தைத் தொடரலாம். முனை தடுக்கினால், 23,000 அடிக்கு இறங்கி, உள்ளழுத்தத்துக்கும் வெளியழுத்தத்துக்கும் உள்ள வேறுபாட்டைச் சதுர அங்குலத்துக்கு 5 பவுண்டாகக் குறைக்க வேண்டும். எங்களுக்குப் பேனா வழுக்கியது. பார்வைக்கு அவ்வளவு பயங்கரமாக இருந்த ஒன்று, தொட்டுப் பார்த்தபோது அடங்கிவிட்டது.

அதன் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்றும் நினைவில் நிற்கிறது. எங்கே இறங்கலாம் என்ற கேள்வியை அவர் முதலில் என்னிடம் கேட்டார். தம் கருத்தை முன்னால் சொல்லிவிட்டால் இளையவன் தலையாட்டிவிடுவான் என்பது அவருக்குத் தெரியும். நான் நாக்பூருக்குத் திரும்பலாம் என்றேன். அவர் மனத்தில் சென்னை இருந்தது. எரிபொருள், வானிலை, கண்ணாடியை மாற்றும் வசதி ஆகியவற்றைப் பேசி முடித்தபோது ஹைதராபாத்தில் இறங்குவது என்று முடிவாகியிருந்தது.

பராமரிப்புப் பொறியாளர், ஓய்வு:

கண்ணெதிரே நிற்கும் விரிசலுக்கு இவ்வாறு ஒரு சோதனை உண்டு. விமானத்தின் வயிற்றில் நேர்ந்த சேதத்தை விமானி எப்படிப் பார்ப்பார்? 2018 அக்டோபர் 12 அன்று அதிகாலையில் திருச்சியிலிருந்து துபாய்க்குப் புறப்பட்ட போயிங் 737, ஓடுபாதைக்கு அப்பாலிருந்த வழிகாட்டிக் கருவியின் ஆன்டெனாவிலும் சுற்றுச்சுவரிலும் உரசிக்கொண்டு மேலேறியது. அதில் 130 பயணிகளும் 6 பணியாளர்களும் இருந்தார்கள். தரையிலிருந்து செய்தி போனபோது, கருவிகள் யாவும் சரியாக இயங்குகின்றன என்றே விமானிகள் பதிலளித்தார்கள். அது பொய்யன்று. வயிற்றுத் தகடு கிழிந்திருக்கிறதா என்று சொல்லும் கருவி எதுவும் அந்த விமானத்தில் கிடையாது. கேட்கப்படாத கேள்விக்குக் கருவி பதில் சொல்வதில்லை. ஏறத்தாழ நான்கு மணி நேரம் பறந்த பிறகு மும்பைக்குத் திருப்பப்பட்டு, அங்கே பத்திரமாக இறங்கிய பின்புதான் கிழிசலின் அளவு வெளிச்சத்துக்கு வந்தது.

புறப்படும்போது வால் தரையில் உரசியிருக்கலாம் என்ற ஐயம் எழுந்தாலே, உள்ளழுத்தத்தை வெளியேற்றிவிட்டு அருகிலுள்ள தகுந்த விமான நிலையத்தில் இறங்குமாறு 737-இன் செக்லிஸ்ட் கூறுகிறது. உரசியது உறுதியானால் என்று அது கூறவில்லை, ஐயமே போதும். தரையிலிருந்து ஒருவர் சொல்லும் சொல்லையும் அத்தகைய ஐயமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

உறுப்பினர், புதுக்கோட்டை மாவட்டம்:

2024 அக்டோபர் 11, ஆயுத பூஜை நாள். மாலையில் திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்குக் கிளம்பிய விமானம், பிரேக் முதலியவற்றைத் திரவ அழுத்தத்தால் இயக்கும் ஹைட்ராலிக் அமைப்பின் கோளாறு காரணமாக எங்கள் பக்கத்து வானில் இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக வட்டமடித்தது. கடையில் சாமி கும்பிட்டுவிட்டு வெளியே வந்தவர்கள் எல்லோரும் அண்ணாந்து நின்றோம். என் அத்தை மகன் அதில் இருந்தார் என்பது தொலைக்காட்சியைப் பார்த்த பிறகே எங்களுக்கு உறைத்தது. இரவு எட்டு மணிக்குப் பிறகு விமானம் நல்லபடியாக இறங்கியது. கோளாறு என்று தெரிந்தவுடனே இறங்காமல் அவ்வளவு நேரம் சுற்றியது ஏன் என்று அத்தை இன்றுவரை கேட்கிறார். ஐயா விளக்க வேண்டும்.

ஓய்வுபெற்ற விமானி, சென்னை:

எடைதான் காரணம். அதுவும் போயிங் 737தான். அதில் எரிபொருளை வானில் கொட்டிவிடும் வசதி இல்லை. எரித்துத்தான் தீர்க்க வேண்டும். நிரம்பிய தொட்டியோடு இறங்கினால் தரையைத் தொடும் வேகம் கூடும், நிறுத்துவதற்கு வேண்டிய தூரமும் கூடும். பிரேக்கின் மீது முழு நம்பிக்கை வைக்க முடியாத நேரத்தில் அது வேண்டாத வம்பு. தீப்பற்றுவது போன்ற பேரவசரங்களில் எடையைப் பாராமல் உடனே இறங்குவார்கள். மற்ற வேளைகளில் சுற்றும் நேரம் வீணாவதில்லை. உள்ளே செக்லிஸ்டின் ஒவ்வொரு வரியும் வாசிக்கப்பட்டுக்கொண்டிருக்கும் என்று அத்தையிடம் சொல்லுங்கள்.

2010 நவம்பர் 4 அன்று சிங்கப்பூரிலிருந்து சிட்னிக்குக் கிளம்பிய, ஆஸ்திரேலிய நிறுவனமான குவான்டாஸின் ஏர்பஸ் ஏ380 விமானத்தின் இரண்டாவது எஞ்சின், இந்தோனேசியாவின் பாத்தாம் தீவின் மேலே வெடித்துச் சிதறியது. விமானத்தில் 469 பேர் இருந்தனர். கேப்டன் ரிச்சர்ட் டி கிரெஸ்பினியின் குழுவினர், திரையில் குவிந்த எச்சரிக்கைகளை ஒவ்வொன்றாகத் தீர்ப்பதற்கே ஏறத்தாழ ஐம்பது நிமிடம் எடுத்துக்கொண்டனர். இறக்கையின் நிலையைத் திரை முழுமையாகச் சொல்லாது என்பதால், ஒரு விமானி எழுந்து சென்று பயணிகளின் சன்னல் வழியாக அதைப் பார்த்து வந்தார். சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இறங்கிய பின்பும் வேலை முடியவில்லை. இடப்புறக் கடைசி எஞ்சின், கம்பிகள் அறுபட்டிருந்ததால், அணைக்க அணைக்க ஓடிக்கொண்டே இருந்தது. கீழே எரிபொருள் ஒழுகியது, பிரேக்குகள் கொதித்தன. அப்போதும் அவர்கள் பயணிகளைச் சறுக்குப் பாதையில் குதிக்கச் சொல்லாமல் உள்ளேயே அமர்த்தி வைத்து, பிறகு வலப்புறக் கதவு வழியாகப் படிக்கட்டில் இறக்கினார்கள். அந்த எஞ்சினைத் தீயணைப்பு வீரர்கள் ஏறத்தாழ மூன்று மணி நேரம் தண்ணீரும் நுரையும் பீய்ச்சியே நிறுத்தினார்கள்.