நான்கு பிஸ்டன் காலிப்பரில் பேட் மாற்றம்: 4 மி.மீ. மிச்சம், டிஸ்க்கில் மயிரிழைக் கோடுகள்

வளைவுப்பாதை

வணக்கம். காரின் பிரேக்கில், பேட்களை டிஸ்க்கின் மேல் அழுத்தும் காலிப்பர் முன்பக்கம் அலுமினிய ஃபிக்ஸட் (நகராத) வகை, உள்ளே இரண்டு வெளியே இரண்டு என நான்கு பிஸ்டன். பின்பக்கம் ஒற்றைப் பிஸ்டன் ஃப்ளோட்டிங் (பக்கவாட்டில் நகரும்) காலிப்பர், அதன் முதுகிலேயே எலக்ட்ரிக் ஹேண்ட் பிரேக் மோட்டார். முன் பேட்களில் பின்தகட்டைச் சேர்க்காமல் வெளிப்பக்கம் 5 மி.மீ., உள்பக்கம் 4 மி.மீ. மிச்சம். வார்னிங் லைட் இன்னும் எரியவில்லை. டிஸ்க் துளையிட்டது, சில துளைகளைச் சுற்றி மயிரிழை மாதிரி கோடுகள் தெரிகின்றன.

வண்டி தினசரி சாலையில்தான் ஓடுகிறது, எப்போதாவது ரேஸ் டிராக். லைட் எரியும் வரை காத்திருக்கலாமா? டிஸ்க்கையும் மாற்ற வேண்டுமா? முன்பக்கம் மட்டும் டிராக் பேட் போட்டால் போதுமா? வேலையை நானே செய்யப்போகிறேன், அதனால் எங்கே தப்பு நடக்கும் என்பதையும் சொல்லுங்கள்.

இரும்புத்தூசி

சாலைக்கு மட்டும் என்றால் 4 மி.மீ. இன்னும் கொஞ்சம் ஓடும். டிராக்குக்கு அது போதாது. டிஸ்க்கில் பிறக்கும் சூட்டைப் பிஸ்டனுக்குப் போகவிடாமல் தடுப்பது பேட்டின் தடிமன்தான். அது மெலிந்தால் சூடு பின்தகடு வழியாகப் பிஸ்டனுக்கும், அங்கிருந்து பிரேக் ஆயிலுக்கும் இறங்கும். ஆயில் கொதித்தால் ஆவிக் குமிழி உண்டாகும், பெடல் தரை வரை போகும். புது பேட்டின் பாதித் தடிமனுக்குக் கீழே இறங்கிவிட்ட பேட்டோடு டிராக்குக்குப் போகாதீர்கள். வார்னிங் லைட் தேய்மானத்தின் கடைசிக் கட்டத்தைத்தான் சொல்லும். டிராக் ஓட்டத்துக்கு அது அளவுகோல் அல்ல.

டிஸ்க்கில் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். முதலாவது தடிமன். குறைந்தபட்ச அளவு டிஸ்க்கின் நடுப்பகுதியிலோ விளிம்பிலோ பொறித்திருக்கும். மைக்ரோமீட்டரால் நாலைந்து இடங்களில் அளந்து பாருங்கள். சாதாரண வெர்னியரை விளிம்பில் வைத்தால் தேயாமல் நிற்கும் உதட்டையும் சேர்த்து அளக்கும், டிஸ்க் நன்றாக இருப்பதாகப் பொய் சொல்லும். இரண்டாவது விரிசல். நகத்தை ஓட்டினால் தட்டுப்படாத கோடுகள் துளையிட்ட டிஸ்க்கில் சகஜம். நகம் சிக்கினால், கோடு ஒரு துளையிலிருந்து அடுத்த துளைக்கு எட்டினால், அல்லது விளிம்பைத் தொட்டால், அந்த டிஸ்க்கோடு வண்டியை எடுக்கக் கூடாது. மாற்றினால் இடது வலது இரண்டும் சேர்த்துத்தான்.

பேட் தேர்வில் பலரும் பின்தகட்டில் அச்சிட்ட, உராய்வுச் சோதனையின் முடிவைச் சொல்லும் இரண்டெழுத்துக் குறியைப் பார்க்கிறார்கள். எஃப் என்றால் உராய்வுக் குணகம் 0.35–0.45, ஜி என்றால் 0.45–0.55. முதல் எழுத்து மிதமான சூட்டுக்கு, இரண்டாவது அதிக சூட்டுக்கு. ஆனால் டிராக்கில் டிஸ்க் 600 டிகிரி செல்சியஸைத் தாண்டிப் போகும். அந்தச் சோதனை அவ்வளவு தூரம் போவதில்லை. ஆகவே தயாரிப்பாளர் தரும் வெப்ப வரம்பைப் பாருங்கள். முழு டிராக் பேட் ஆறிய நிலையில் சரியாகப் பிடிக்காது, கீச்சிடும், டிஸ்க்கையும் தின்னும். தினமும் சாலையில் ஓடும் வண்டிக்கு அது ஆபத்து. சாலை, டிராக் இரண்டுக்குமாகச் செய்த காம்பவுண்ட் (பேட்டின் உராய்வுப் பொருள் கலவை) போதும். முன்னும் பின்னும் ஒரே வகையில் போடுங்கள். முன்பக்கம் மட்டும் பிடி கூடினால் பின் சக்கரங்கள் தங்கள் பங்கைச் செய்யாமல் முன் டயர்களே எல்லாப் பாரத்தையும் சுமக்கும்.

டார்க்ரெஞ்ச்

முன்பக்க வேலை சுலபம்தான், அவசரப்படாம செய்யணும். பல ஃபிக்ஸட் காலிப்பர்ல பேட் மேல்வழியா வந்துடும், காலிப்பரைக் கழட்டவே வேண்டாம்.

வீல் நட்டை வண்டி தரையில இருக்கும்போதே தளர்த்திடுங்க. ஜாக்கி தூக்க மட்டும்தான், தாங்குறதுக்கு ஸ்டாண்ட். பிரேக் ஆயில் டப்பா மேல்கோடு வரை இருந்தா கொஞ்சம் உறிஞ்சி எடுங்க, இல்லேன்னா பிஸ்டன் உள்ளே போகும்போது பொங்கி வழியும். பெயின்ட்ல பட்டா உடனே தண்ணி ஊத்திக் கழுவணும்.

பேட்டைப் பிடிச்சிருக்கிற பின்னை (குச்சி மாதிரி ஆணி) பெரும்பாலும் வெளியிலிருந்து உள்பக்கமா பஞ்ச் வெச்சுத் தட்டி எடுக்கணும். மேலே இருக்கிற ஸ்பிரிங் தகடு இறுக்கத்துல இருக்கும், ரெண்டாவது பின் வரும்போது விரலால அமுக்கிப் பிடிங்க. தேய்மான சென்சார் வயரைக் கழட்டிட்டு, பழைய பேட் உள்ளே இருக்கும்போதே ஸ்பிரெடர் (விரிச்சுத் தள்ளுற கருவி) வெச்சுப் பிஸ்டனைத் தள்ளுங்க. ஸ்குரூடிரைவரை டிஸ்க்ல ஊன்றி நெம்பாதீங்க. ஒரே நேரத்துல ரெண்டு பேட்டையும் எடுத்தா ஒரு பிஸ்டனைத் தள்ளும்போது எதிர்ப்பக்கத்துப் பிஸ்டன் வெளியே வரும். ஒண்ணை எடு, புதுசைப் போடு, அப்புறம் அடுத்தது.

தள்ளுறதுக்கு முன்னால பிஸ்டன்ல வெளியே தெரியுற பாகத்தைச் சுத்தம் பண்ணுங்க, அந்தக் கரி உள்ளே போனா சீல் கெடும். தூசியை ஏர் அடிச்சு ஊத வேண்டாம், பிரேக் கிளீனர் தெளிச்சுத் துடைங்க. சீரா அழுத்தியும் பிஸ்டன் நகரலேன்னா பலத்தைக் கூட்டாதீங்க. பிஸ்டன் துருப்பிடிச்சிருக்கும், இல்ல ஓஸ் (ஆயில் வர்ற ரப்பர் குழாய்) உள்ளே அடைச்சிருக்கும்.

பேட்ல அம்புக்குறி இருந்தா அது டிஸ்க் முன்னோக்கிச் சுத்துற திசை. பின், ஸ்பிரிங் ரெண்டும் புதுசு போடுங்க. சென்சார் முனை உரசித் தேய்ஞ்சிருந்தா அதுவும் மாத்தணும். காலிப்பரைக் கழட்டியே ஆகணும்னா ஓஸ்ல தொங்க விடாதீங்க, கம்பியால கட்டுங்க. போல்ட் ஒருமுறைதான் போடலாம்னு மேனுவல் சொன்னா புது போல்ட்தான். இறுக்குற அளவும் மேனுவல்ல இருக்குறதுதான், கை உணர்வு இங்கே உதவாது.

எல்லாம் முடிஞ்சதும் வண்டியை நகர்த்துறதுக்கு முன்னால பெடலை மிதிச்சு மிதிச்சுக் கெட்டியாக்கணும். முதல் மிதி வெறுமனே கீழே போகும். இதை மறந்து வண்டியை எடுத்தா முதல் திருப்பத்துல பிரேக் இருக்காது.

சர்வீஸ்மோட்

பின்பக்கத்தை யாரும் தொடவில்லை, அங்கேதான் செலவு வைக்கும் தப்பு நடக்கிறது. மோட்டார் பொருத்திய காலிப்பரில் ஸ்கேனர் மூலமாகவோ மேனுவலில் சொன்ன முறைப்படியோ முதலில் சர்வீஸ் மோடுக்குப் போக வேண்டும். அப்போதுதான் மோட்டார் உள்ளிருக்கும் திருகுத்தண்டைப் பின்னுக்கு இழுக்கும். அதன் பிறகு பிஸ்டனை நேராகத் தள்ளலாம், திருக வேண்டாம். இதைச் செய்யாமல் கிளாம்ப் வைத்து நெரித்தால் திருகு நட்டும் கியரும் உடையும். திருகி உள்ளே செலுத்துவது கேபிள் ஹேண்ட் பிரேக் வகைக்கு. முடிந்ததும் முதலில் பெடல் மிதித்துக் கெட்டியாக்கி, பிறகு சர்வீஸ் மோடிலிருந்து வெளியே வாருங்கள்.

பின் காலிப்பர் நகர உதவும் ஸ்லைடு பின்களுக்கு சிலிக்கான் கிரீஸ். சாதாரண கிரீஸ் பட்டால் ரப்பர் உப்பிப் பின் சிக்கிக்கொள்ளும். பின்பக்கத்தில் உள் பேட் மட்டும் வேகமாகத் தேய்ந்திருந்தால் முதலில் இந்தப் பின்களைச் சந்தேகப்படுங்கள். முன்பக்கத்து 1 மி.மீ. வித்தியாசம் பரவாயில்லை, 2 மி.மீ.க்கு மேல் போனால் ஒரு பிஸ்டன் சரியாக நகரவில்லை.

ஆயில் மாற்றாமல் டிராக்குக்குப் போகாதீர்கள். டாட் என்பது பிரேக் ஆயிலின் தரக்குறி. டாட் 4 ஆயிலுக்குப் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி, ஈரம் உறிஞ்சிய பின் 155. டாட் 5.1க்கு 260, 180. டிராக்குக்கென்று வரும் டாட் 4 வகைகள் புதிதில் 300ஐத் தாண்டும். டாட் 5 என்பது சிலிக்கான், மற்றவற்றோடு கலக்கவே கூடாது. நான்கு பிஸ்டன் காலிப்பரில் உள்ளே ஒன்று வெளியே ஒன்று என்று பெரும்பாலும் இரண்டு நிப்பிள் (ஆயிலையும் ஏரையும் வெளியே விடும் திருகு) இருக்கும். ஒன்றில் மட்டும் ஏர் எடுத்தால் பெடல் பஞ்சுபோலவே இருக்கும்.

டார்க்ரெஞ்ச் சொன்னதில் ஒரு மாற்றம்: பிஸ்டனைத் தள்ளும்போது நிப்பிளைத் திறந்து வைப்பேன். காலிப்பரில் சூடுபட்டுக் கறுத்த ஆயில் ஏபிஎஸ் பக்கம் திரும்பிப் போகாமல் வெளியே வந்துவிடும். நிப்பிளில் மாட்டிய குழாயின் மறுமுனை பாட்டிலில் உள்ள ஆயிலில் மூழ்கியே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

டார்க்ரெஞ்ச்

அன்னைக்கே ஆயில் மாத்துறதா இருந்தா நீங்க சொல்றதுதான் சரி. மாத்தாத பட்சத்துல நிப்பிளைத் தொட வேண்டாம்னு சொல்வேன், ஏர் புகுந்தா வேலை ரெட்டிப்பு.

வளைவுப்பாதை

நன்றி. விரிசல்களில் நகம் சிக்கவில்லை, தடிமனும் வரம்புக்கு மேலேதான் இருக்கிறது. பழைய டிஸ்க்கிலேயே வேறு காம்பவுண்ட் பேட் போட்டால்?

இரும்புத்தூசி

போடலாம், பழைய பேட் டிஸ்க்கின் முகத்தில் விட்டுப்போன மெல்லிய படலத்தை எடுத்த பிறகு. 120 அல்லது 150 எண் உப்புத்தாளால் இரண்டு முகத்தையும் குறுக்கும் நெடுக்குமாகத் தேய்த்து, கிளீனரால் துடையுங்கள். வேறு காம்பவுண்டின் படலத்தின் மேல் புதுப் படலம் சீராக ஒட்டாது, திட்டுத்திட்டாக நிற்கும். பிரேக் போடும்போது ஸ்டீயரிங் உதறினால் டிஸ்க் வளைந்துவிட்டது என்பார்கள். பெரும்பாலும் காரணம் இந்தத் திட்டுகள்தான்.

அடுத்து, புது பேட்டின் படலம் டிஸ்க்கில் சீராகப் பதியும்படி ஓட்ட வேண்டும். அதற்குப் பேட் தயாரிப்பாளர் முறை கொடுத்திருந்தால் அதையே பின்பற்றுங்கள். இல்லையென்றால் ஆளில்லாத பாதையில் முதலில் 60 கி.மீ. வேகத்திலிருந்து மென்மையாக நாலைந்து தடவை. பிறகு 100இலிருந்து 30 வரை, ஏபிஎஸ் குறுக்கிடாத அளவு அழுத்தி, 8 முதல் 10 தடவை. இடையில் முழுதாக நிற்காதீர்கள். கொதிக்கும் டிஸ்க்கில் பேட்டை அழுத்திப் பிடித்தால் அந்த இடத்தில் மட்டும் தடயம் பதியும். கடைசியாகப் பத்து நிமிடம் பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டி ஆறவிடுங்கள், நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக் போடாமல் கியரில் விடுங்கள். டிஸ்க் முழுக்க ஒரே மாதிரி சாம்பல் நிறம் வந்திருந்தால் படலம் பிடித்துவிட்டது. கோடு கோடாக இருந்தால் முழுதாக ஆறிய பின் மறுபடி ஒரு சுற்று. வீல் நட்டை 50 கி.மீ. ஓடியதும் இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்சால் சரிபாருங்கள்.