மறுமொழி: ‘நேரியலற்ற’ போதுமா? ‘மாறுவிறைப்பு’ என்று ஒரு பரிந்துரை

அன்புள்ள குழுவினருக்கு, சேலத்திலிருந்து வணக்கம்.

சுமைக்கு நேர்விகிதத்தில் உருமாறாத கட்டமைப்பின் போக்கை (nonlinear behaviour) ‘நேரியலற்ற நடத்தை’ என்றே வைத்துக்கொள்ளலாம் என்று நம் குழுவில் ஐயா ஒருவர் எழுதியிருந்தார். கணிதச் சமன்பாடுகளுக்கு அந்தச் சொல் இருக்கட்டும். கட்டமைப்புப் பகுப்பாய்வுக்கு அது போதாது. சுமைக்கு எதிரே உருமாற்றத்தை வரைந்த கோடு நேராக இல்லை என்கிறதே தவிர, ஏன் வளைந்தது என்று சொல்லவில்லை.

வளைவதற்குக் காரணம், சுமை ஏற ஏற விறைப்பு, அதாவது உருமாற மறுக்கும் தன்மை (stiffness), மாறுவது. அதனால் ‘மாறுவிறைப்பு’ என்கிறேன். வினைத்தொகை, மாறிய, மாறுகின்ற, மாறும் விறைப்பு என மூன்று காலமும் அதில் அடங்கும். கட்டமைப்பைச் சிறு கூறுகளாகப் பிரித்துக் கணக்கிடும் வரம்புறு கூறு முறையில் (finite element method) சுமையைப் படிப்படியாக ஏற்றுகிறோம். விறைப்பு எண்கள் அடங்கிய அணியைப் (matrix) புதுப்பித்து, உள்விசை வெளிவிசையோடு ஒத்துவரும்வரை நியூட்டன்-ராப்சன் முறையில் திரும்பத் திரும்பக் கணக்கிடுகிறோம். அந்த வேலையே இந்தச் சொல்லுக்குள் இருக்கிறது.

தளர்ந்த கயிற்றுக் கட்டிலைப் பாருங்கள். ஒருவர் உட்கார்ந்ததும் நன்றாகத் தொய்கிறது. அதே இடத்தில் இன்னொருவரும் உட்கார்ந்தால் அவ்வளவு தொய்வதில்லை. கயிறு அதே கயிறுதான். தொய்ந்த வடிவத்தில் அது இழுபட்டு நிற்பதால் விறைப்பு கூடிவிட்டது. ஒருவருக்கான தொய்வை இரண்டால் பெருக்கினால் விடை தவறிவிடும். இது வடிவ மாறுவிறைப்பு.

பொருள் மாறுவிறைப்புக்கு நம் சேலம் உருக்காலையின் துருப்பிடிக்கா எஃகே சான்று. மென்எஃகைப் போல ‘இங்கேதான் இளகியது’, அதாவது நிலையாக உருமாறத் தொடங்கியது, என்று காட்டும் தெளிவான புள்ளி அதன் தகைவு-திரிபு வரைகோட்டில் (தகைவு: பரப்பலகுக்கான விசை; திரிபு: நீள மாற்ற விகிதம்) இல்லை; கோடு மெல்ல மெல்லச் சாய்கிறது. அதனால்தான் 0.2 விழுக்காடு நிலைத்த திரிபு தரும் தகைவை இளகு வலிமையாகக் கொள்கிறோம்.

மூன்றாவது வகையில் பகுதிகள் ஒன்றையொன்று தொடுவதால் விறைப்பு மாறுகிறது. அதற்கு ஏற்காட்டு மலைப்பாதை லாரி சான்று. துணை ஸ்பிரிங் பட்டை உள்ள வண்டியில், சுமை இல்லாதபோது அந்தப் பட்டை தாங்கியைத் தொடுவதில்லை. சுமை ஏறியதும் தாங்கியில் முட்டித் தானும் தாங்கத் தொடங்குகிறது.

‘விறைப்பு’ என்றால் குளிரில் விறைப்பதுதானே நினைவுக்கு வரும் என்று ஒருவர் கேட்டிருந்தார். வரட்டும். மார்கழிக் காலையில் ஏற்காட்டில் விறைத்த விரல் வளைய மறுக்கிறது. நமக்கு வேண்டிய பொருளும் அதுதான்.

ஒன்று மட்டும் முடிவாகவில்லை. அந்தந்தப் படியில் வரைகோட்டின் சாய்வு காட்டும் விறைப்பைத் ‘தொடுகோட்டு விறைப்பு’ என்கிறோம். மூன்றாவது வகையைத் ‘தொடுகை மாறுவிறைப்பு’ என்றால் இரண்டும் மயங்கும். ‘முட்டு மாறுவிறைப்பு’ எனலாமா? பட்டறையில் வேலை செய்தவர்கள் சொல்லுங்கள்.